குரல், கைக்கிளை, இளி

ச ரி க ம ப த நி என்ற ஏழு சுரங்களுக்கும் தமிழிசையில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர். இவற்றில் குரல், கைக்கிளை, இளி என்ற மூன்று சுரங்களையும் ஒன்றாக அழுத்தினால் மேஜர் கோர்ட். கைக்கிளையை மட்டும் அரைச் சுரம் இறக்கினால் மைனர். இதை ஒரு பின்னேரத்தில் எவரும் படித்துக்கொள்ளலாம். இந்தக் கோர்ட்டுக்கு அடுத்து எந்தக் கோர்ட் வரவேண்டும் என்ற இடத்தில்தான் எங்களில் பலர் நின்றுபோகிறோம். ராகமும் கூத்துப் பாட்டும் கேட்டு வளர்ந்த காதுக்கு மெட்டு தானாக வரும். மெட்டுக்குக் கீழே என்ன நிற்கவேண்டும் என்பது அப்படி வராது.

அந்த இடத்தில்தான் ஸ்கேலர் 2 என்ற பிளகின் எனக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து மட்டக்களப்பில் யாரைக் கண்டாலும் இதைப் பற்றித்தான் கதைக்கிறேன். ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் அதைத் திறந்து, ஒரு மெட்டை வாசித்துக் காட்டினால் போதும். எந்தெந்தச் சுர வரிசைக்குள் அந்த மெட்டு அடங்கும் என்று பட்டியல் போடும். ஒன்றைத் தெரிவுசெய்தால் அதற்குரிய கோர்ட்டுகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பிடித்தவற்றை அடுக்கி, இழுத்துத் தடத்தில் விட்டால் அவை மிடிக் குறிப்புகளாகிவிடும்.

மிடி என்பதே ஓர் அற்புதம். 1983 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்களை மிடி வழியாக இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தது மற்றதில் ஒலித்தது. மிடிக்குள் ஒலியே கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது விடவேண்டும் என்ற கட்டளைகள் மட்டுமே. அதனால்தான் கருவி போட்டுத் தந்த கோர்ட் வரிசையில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து நகர்த்தலாம், பியானோவை வயலினாக்கலாம். தானியங்கிக் கருவி தருவதை அப்படியே விழுங்கவேண்டியதில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம்.

எங்கள் பக்கத்துத் தாலாட்டு மெட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். மோகனத்தைப் போல ஐந்து சுரத்துக்குள் நிற்பது. உழையும் தாரமும் அதில் இல்லை. இல்லாத அந்த இரண்டையும் எப்படி வைத்தாலும் மெட்டு முரண்டு பிடிக்காது. அதனால் சங்கராபரணம், ஹரிகாம்போஜி, கல்யாணி மூன்றும் பட்டியலில் இருந்தன, அவற்றின் மேற்கத்தியப் பெயர்களோடு. சி சுரத்தைக் குரலாக வைத்தேன். மெட்டு துத்தத்தில் நீண்டு நிற்கும் ஓர் இடம் உண்டு. சங்கராபரணத்தில் அதன் கீழே ஜி மேஜர் வைத்தால் துத்தம் அந்தக் கோர்ட்டின் ஐந்தாம் சுரம். ஹரிகாம்போஜியில் பி-பிளாட் மேஜர் வைத்தால் அதே துத்தம் நடுச்சுரம். கல்யாணியில் டி மேஜர் வைத்தால் அதுவே அடிச்சுரம். பாடுகிறவரின் குரலில் ஓர் அணுகூட மாறவில்லை. தாலாட்டோ முதலில் வீட்டில் இருந்தது, பிறகு ஊரைத் தாண்டியது, பிறகு எங்கேயோ மேலே ஏறிவிட்டது! இளையராஜாவின் பாட்டுகளில் ஒரே வரி இரண்டாம் முறை வரும்போது ஏன் நெஞ்சு வேறுவிதமாக அசைகிறது என்பதை அன்று கையால் தொட்டுப் பார்த்தேன்.

இந்த மூன்றுக்கும் தமிழிசையில் அரும்பாலை, செம்பாலை, மேற்செம்பாலை என்று பெயர். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளியான யாழ் நூலில் இவற்றைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஏழு சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, குரலை மட்டும் இடம் மாற்றினால் வேறு பாலை பிறக்கும். ஸ்கேலர் பட்டியலிட்ட மூன்றும் அதே சுழற்சியில் பிறப்பவைதான். யாழின் நரம்புகளைக் கணக்கிட்ட மனிதர் இந்தத் திரையைப் பார்த்திருந்தால் அதன் முன்னாலிருந்து எழும்பியே இருக்கமாட்டார். கல்லடியில் அவர் பெயரால் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் கணினியிலும் இப்படி ஒரு கருவி இருக்கவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது குரலும் கைக்கிளையும் இரண்டுக்கும் பொது. இளி மட்டும் விளரிக்கு ஏறினால் போதும். தேர்ந்த வாசிப்பாளரின் விரல்கள் இதைத் தாமே தேடிக்கொள்ளும். கற்றுக்குட்டியோ மூன்று விரலையும் தூக்கிக்கொண்டு தாவுவார். சுரங்களை அருகருகே அடுக்கித் தரும் ஒரு வசதி ஸ்கேலரில் இருக்கிறது. அதைப் போட்டதும் கோர்ட்டுகள் தாவுவதை விட்டு வழுக்கிச் செல்லத் தொடங்கும். வெள்ளைக் கட்டை ஒன்றுக்கு ஒரு கோர்ட் என்று பூட்டிவிட்டால் ஒற்றை விரலால் முழு வரிசையையும் வாசிக்கலாம். மூன்றே கோர்ட்டை வைத்து ஆறெட்டுத் தாளத்தில் விட்டேன். மட்டக்களப்புப் பறங்கியர் வயலினோடு ஆடும் கஃப்ரிஞ்ஞாவின் துள்ளல் அறைக்குள் வந்துவிட்டது.

1848இல் மட்டக்களப்புக்கு வந்த பிரித்தானிய ஆட்சி அதிகாரி எமர்சன் டெனன்ட், இங்குள்ள வாவிக்குள் கேட்ட பாடும் மீன்களின் ஒலியைக் கோர்ட்டின் அதிர்வுக்குத்தான் ஒப்பிட்டு எழுதினார். ஒரே நீண்ட சுரமாக அல்ல, தனித்தனியான பல சிற்றொலிகளின் கலப்பாக அவருக்குக் கேட்டது. பல சுரம் சேர்ந்து ஒலிப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை.

வேறு கருவிகளும் உண்டு. ஏபில்டன் லைவ் 12 கோர்ட் அடுக்குகளைத் தானே உருவாக்கும். லாஜிக் ப்ரோவில் 2024இல் வந்த மெய்நிகர் வாத்தியக்காரர்கள் நாம் எழுதும் கோர்ட்டுக்கு வாசிப்பார்கள். 2019இல் கூகுள் முகப்பில் இசையமைப்பாளர் பாக்கின் நினைவாக வந்த விளையாட்டு, அவருடைய 306 கோரல் பாடல்களைப் படித்த நிரலைக் கொண்டு நம் மெட்டுக்கு மற்றக் குரல்பகுதிகளை எழுதியது. எல்லாம் நல்லவை. ஆனால் தேர்ந்தெடுக்கும் வேலையை என் காதிடமே விட்டுவைப்பதால் எனக்கு ஸ்கேலர்தான். கமகத்தை அது எழுதாது; எழுதவும் வேண்டாம். அது பாடுகிறவரின் சொத்து.

இப்போது எங்கள் ஊர்க் கண்ணகி வழிபாட்டில் பாடும் குளிர்த்திப் பாடலின் மெட்டொன்று திரையில் திறந்தபடி இருக்கிறது. அதில் விளரி வருவதே இல்லை. அதனால் வேறு இரண்டு பாலைகளுக்குள்ளும் அது அடங்கும்: படுமலைப்பாலை என்று வைத்தால் நான்காம் கோர்ட் மைனர், கோடிப்பாலை என்று வைத்தால் மேஜர். முதலில் மேஜரைத்தான் போட்டுப் பார்க்கப் போகிறேன்.