கோடி கொட்டிச் செய்த மோதிரம்

தங்கத்தால் தேர் செய்கிறார்கள். எத்தனை கிலோ பொன், எத்தனை நாள் வேலை, எத்தனை இலட்சம் செலவு என்று ஊரெல்லாம் பறைசாற்றுகிறார்கள். கண்டவர் கைகூப்பி நிற்கிறார்கள். அந்தத் தேரைச் செய்த தச்சன் வீட்டிலே அடுப்பு எரிந்ததா என்று கேட்பார் இல்லை. கேட்டால், "தேரின் ஒளியைப் பார், குறை பேசாதே!" என்கிறார்கள். கோயில் வாசலிலே நாம் பன்னெடுங்காலமாகக் கேட்டுவரும் இந்தக் கேள்வியை, இன்று கலைக்கூடத்தின் வாசலிலும் கேட்க வேண்டியவர்களாக இருக்கிறோம். ஏனெனில் அங்கேயும் ஒரு தங்கத் தேர் புறப்பட்டிருக்கிறது. இணையவழித் தொலைக்காட்சித் தொடர் என்பது அதன் பெயர். வீதியில் அன்று, வீட்டுக் கூடத்துத் திரையிலே அது உலா வருகிறது.

அமெரிக்க வணிகப் பேரரசாம் அமேசான், ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் படைத்த கற்பனை உலகை வைத்துத் தொடர் எடுக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டில் பெற்றது. உரிமைக்கு மட்டுமே ஏறத்தாழ 25 கோடி டாலர் என்று ஏடுகள் எழுதின. பிறகு நியூசிலாந்திலே படப்பிடிப்பு. முதற் பருவத்திற்கு மட்டும் 65 கோடி நியூசிலாந்து டாலர், அதாவது 46 கோடியே 50 இலட்சம் அமெரிக்க டாலர் அளவுக்குச் செலவாகும் என்று அந்நாட்டு அமைச்சரே 2021இல் சொன்னார். பகுதிகள் எத்தனை? எட்டே எட்டு! வகுத்துப் பார்த்தால், ஒரு மணி நேரக் காட்சிக்கு 5 கோடியே 80 இலட்சம் டாலர் ஆகிறது. ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ என்ற அந்தத் தொடர் 2022 செப்டம்பரில் வெளிவந்தது.

முதல் நாளிலேயே இரண்டரைக் கோடிப் பேர் பார்த்தனர் என்று நிறுவனம் முழங்கிற்று. இருக்கலாம், மறுப்பானேன்? ஆனால், பார்க்கத் தொடங்கியவர்களுள் எத்தனை பேர் முற்றும் பார்த்தனர்? அமெரிக்காவிலே நூற்றுக்கு 37 பேர், பிற நாடுகளிலே 45 பேர் என்று ‘தி ஹாலிவுட் ரிப்போர்ட்டர்’ ஏடு 2023இல் எழுதியது. பந்தியில் வந்து அமர்ந்தோர் பலர். பாயசம் வரும்வரை இருந்தோர் பாதிக்கும் குறைவு! மலை இருந்தது, மாளிகை இருந்தது, கடல் இருந்தது, கப்பல் இருந்தது. அடுத்து என்ன என்று நெஞ்சைத் துடிக்க வைக்கும் ஆற்றல் மட்டும் போதுமான அளவு இல்லை.

அதே காலத்திலே வந்த இன்னொரு தொடரைப் பார்ப்போம். 2021 செப்டம்பரில் தென்கொரியாவிலிருந்து ‘ஸ்குவிட் கேம்’ வந்தது, நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. ஒன்பது பகுதிகளுக்கும் சேர்த்து 2 கோடியே 14 இலட்சம் டாலர்தான் செலவு என்று செய்தி ஏடுகள் தெரிவித்தன. மோதிரத் தொடரின் ஒரே ஒரு பகுதிக்கு ஆன பணத்தில், இந்தத் தொடர் முழுவதையும் இருமுறை எடுத்து மீதியும் கண்டிருக்கலாம்! ஆயினும், வெளிவந்த 28 நாட்களில் உலக மக்கள் அதனைப் பார்த்த நேரம் 165 கோடி மணி.

எது ஈர்த்தது? கடன்பட்டவர்களின் கதை அது. கடனில் மூழ்கிய ஏழைகளை, பணம் படைத்தவர்கள் பார்த்துக் களிக்க, உயிரைப் பணயம் வைத்து விளையாட விடுகிறார்கள். கதைத் தலைவன், கார்த் தொழிற்சாலையிலிருந்து துரத்தப்பட்டவன். 2009இல் சாங்யோங் தொழிற்சாலையிலே ஆயிரக்கணக்கானோர் வேலை பறிக்கப்பட்டு, 77 நாள் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்து போராடியதையும், போலீசார் புகுந்து அடக்கியதையும் எண்ணியே அவனைப் படைத்ததாக இயக்குநர் ஹுவாங் டோங்-ஹியூக் கூறியிருக்கிறார். படைப்பாளியும் கடன்பட்டுக் கலங்கியவரே. 2009ஆம் ஆண்டளவில் எழுதி முடித்த கதை, பணம் போடுவார் இன்றிப் பத்தாண்டு காத்துக் கிடந்தது. வாழ்விலிருந்து பிறந்த கதை ஆதலால் வாழ்வோர் அனைவரும் புரிந்துகொண்டனர். கொரிய மொழி அறியாதவனுக்கும் கடன்காரன் கதவைத் தட்டும் ஓசை தெரியுமன்றோ!

இந்த உண்மை நமக்குப் புதிதன்று. 1948இல் வாசன் ‘சந்திரலேகா’ எடுத்தார். மாபெரும் முரசுகளின் மீது ஆடிய அந்த நடனத்தைக் கண்டு நாடே வியந்தது, நாமும் வியந்தோம். அடுத்த ஆண்டு அண்ணாவின் ‘வேலைக்காரி’ வந்தது. முரசு இல்லை, முழக்கம் இருந்தது. பணக்காரனின் செருக்கையும் பக்தியின் போர்வையையும் கிழித்த உரையாடலைக் கேட்டவர், வீட்டிற்குச் சென்ற பின்னும் அதைப் பற்றியே பேசினர். முன்னது கண்ணுக்கு விருந்து; பின்னது கருத்துக்கு மருந்து. இரண்டும் வேண்டும் என்போர் உளர். வேண்டும் என்றே நாமும் சொல்வோம். ஆனால் விருந்துக்கு ஆகும் செலவைக் காட்டி, மருந்து அதிலேயே அடங்கியிருக்கிறது என்று விலை கூறுவதுதான் பொருந்தாது.

"அப்படியானால் சிக்கனமாக எடுப்பதே சிறந்த கலை என்கிறீர்களா?" என்று கேட்கலாம். அல்ல. கற்பனை நாட்டைக் கட்டிக் காட்டப் பணம் வேண்டும். தச்சர், தையற்காரர், ஒப்பனையாளர், ஒளிப்பதிவாளர் என ஆயிரமாயிரம் பேருக்கு அதனால் வேலை கிடைக்கிறது என்ற வாதத்தையும் நாம் தள்ளவில்லை. ஆனால் அந்த வேலை எத்துணை நாள் நிலைத்தது? நியூசிலாந்து அரசு, செலவில் ஐந்தில் ஒரு பங்கை மக்கள் வரிப்பணத்திலிருந்து திருப்பித் தர முன்வந்தது. முதற் பருவப் படப்பிடிப்பு முடிந்தது. 2021 ஆகஸ்டில், அடுத்த பருவம் பிரிட்டனில் என்று அறிவித்துவிட்டு நிறுவனம் மூட்டை கட்டிற்று. கூடுதலாகத் தருவதாக இருந்த சலுகையை அரசு நிறுத்திக்கொண்டது. வேலையை நம்பியிருந்தவனுக்கோ, வெறும் கொட்டகைதான் மிச்சம்!

சிக்கனத்தையும் சற்றே உரசிப் பார்ப்போம். ‘ஸ்குவிட் கேம்’ தங்களுக்கு ஏறத்தாழ 90 கோடி டாலர் மதிப்பைத் தரும் என்று நெட்ஃபிளிக்ஸ் கணக்கிட்டிருந்ததாகச் செய்தி வந்தது. அதே 2021இல், அதைப் படைத்தவரோ, முதலில் செய்த ஒப்பந்தப்படி உரியது கிடைத்தது; வெற்றிக்கென்று தனிப் பணம் இல்லை என்ற பொருள்பட ஆங்கில ஏடொன்றிடம் சொன்னார். ஏழையின் கதையைச் சொல்லி ஏற்றம் பெற்றது நிறுவனம்; எழுதியவருக்கு அளந்து ஊற்றிய கஞ்சி! ஆகவே, செலவு பெரிதா சிறிதா என்ற கேள்வி பாதிக் கேள்விதான். பணம் எங்கே போகிறது என்பதே முழுக் கேள்வி.

இந்தக் கேள்வியைத்தான் அமெரிக்க எழுத்தாளர்கள் தெருவில் நின்று கேட்டனர். 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை, 148 நாட்கள், ஏறத்தாழ 11,500 பேர் பேனாவைக் கீழே வைத்தனர். சூலையில் நடிகர்களும் சேர்ந்தனர். எதிரே நின்ற தயாரிப்பாளர் கூட்டமைப்பில் அமேசானும் உண்டு, நெட்ஃபிளிக்சும் உண்டு. மாளிகை கேட்டார்களா அந்த எழுத்தாளர்கள்? ஒரு தொடருக்கு இத்தனை எழுத்தாளர் வேண்டும், இத்தனை வாரமாவது வேலை வேண்டும், பலர் பார்த்தால் அந்தப் பயனில் பங்கு வேண்டும், எங்கள் இடத்தில் எந்திரத்தை அமர்த்தாதீர்கள் என்றே கேட்டனர். ஒரு மணி நேரக் காட்சிக்கு ஐந்தேமுக்கால் கோடி டாலர் கொட்டத் துணிந்த கை, இதற்கு ஐந்து திங்கள் மூடியே இருந்தது! முடிவில் இறங்கி வந்தனர். முதல் 90 நாட்களில் உள்நாட்டுச் சந்தாதாரருள் நூற்றுக்கு 20 பேர் பார்த்த தொடருக்கு, எழுதியவருக்குத் தனித் தொகை என்று எழுத்திலே ஒப்பினர். கருணையால் கிடைத்ததன்று அது, ஒற்றுமையால் கிடைத்தது.

இறுதியாக, இந்தச் செலவுக்கெல்லாம் பணம் யாருடையது? சந்தா கட்டும் நம்முடையது. சந்தா கட்டியவர்க்கே விளம்பரத்தையும் காட்டும் முறையை அமேசான் 2024 சனவரியில் அமெரிக்காவிலும், 2025 சூனில் இந்தியாவிலும் புகுத்தியது. விளம்பரம் வேண்டாமா? மேலும் பணம் கட்டு! நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே வந்தவனிடம், தூண் மறைக்காத இடம் வேண்டுமானால் தனிக் கட்டணம் என்று கேட்பது போன்றதே இது. பணம் தருபவர் நாம் என்றால், கணக்குக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

எனவே நாம் சொல்வது இது. கோடி செலவிடுக, தடையில்லை. அந்தக் கோடியில் எழுதுவோனுக்கும் உழைப்போனுக்கும் உரிய பங்கு உண்டு என்றால், சொல்வதற்கு ஒரு கதையும் உண்டு என்றால், அந்தச் செலவு தகும். நாமே முன்வரிசையில் அமர்ந்து கைதட்டுவோம். அவை இரண்டும் இன்றி, செலவையே சிறப்பாக்கி, தொகையையே புகழாக்கி, நம்மை வாய்பிளக்க வைக்க எண்ணினால், அது தகாது. அடுத்த முறை, "இதுவரை எவரும் செலவிடாத தொகை!" என்ற விளம்பரம் உங்கள் திரையில் மின்னும்போது, தோழர்களே, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எழுதியவனுக்கு எவ்வளவு?