கிராவல் ஏற்றாத கிராவல் சைக்கிள்

"கிராவல் சைக்கிள் வாங்கியிருக்கேன் மாமா" என்று சொன்னதும், "எத்தனை மூட்டை ஏத்தலாம்?" என்று கேட்டார் மிஞ்சூர் மாமா. அவர் கட்டட மேஸ்திரி. கிராவல் என்றால் அவருக்கு லாரியில் வந்து மனைமேல் கொட்டப்படும் செம்மண். அதை ஏற்றாமல், அதன்மேல் ஓட்டுவதற்கென்றே ஒரு சைக்கிள், அதுவும் ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல் என்று விளக்கியபோது, பேச்சை மாற்றிவிட்டார்.

கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை. குறை சொல்ல வேண்டியிருக்கிறது. தவிர, இந்த விலையில் கிடைக்கும் வண்டிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தவை. ரேஸ் சைக்கிள்போல் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில், ஆனால் அதைவிட அகலம். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பத்து. கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். 40 மில்லிமீட்டர் அகல டயர். எடை 11 கிலோ சொச்சம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரைச் சுற்றி 2006இல் தொடங்கிய 200 மைல் மண்சாலைப் பந்தயம் இந்த வகையைப் பிரபலமாக்கியது. 2019இல் ஷிமானோ இதற்கென்றே தனி கியர் தொகுதி வெளியிட்டது. 2022இல் இத்தாலியில் முதல் உலகச் சாம்பியன் போட்டியும் நடந்துவிட்டது. விளம்பரப் படங்களில் எப்போதும் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு, பனி, ஆளில்லாத பாதை.

டயரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ராயபுரத்தில் அப்பா வைத்திருந்த ஹெர்குலிஸ், டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய தொழிற்சாலையில் பிறந்தது. அதன் டயர் ஓரத்தில் 28 x 1½ என்று இருக்கும். இன்றைய அளவுமுறையில் அது 40-635. என் புது வண்டியின் டயரில் எழுதியிருப்பது 40-622. முன் எண் அகலம், பின் எண் ரிம் குறுக்களவு. அதாவது அகலம் அதே 40. மீன்கூடையும் பால்கேனும் அரிசி மூட்டையும் ஏறிய வண்டியின் டயரை, நடுவில் கொஞ்ச காலம் "மெலிசாக இருந்தால்தான் வேகம்" என்று நம்பித் தூக்கிப் போட்டுவிட்டு, இப்போது புதுப் பெயரில் திரும்ப விற்கிறார்கள். விற்கட்டும். சரியான டயர்தான்.

எனக்கு விளம்பரப் பள்ளத்தாக்குக்குப் பதில் கொசஸ்தலை ஆறு. ஆனால் திருவொற்றியூரிலிருந்து ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர வேண்டுமே! தை மாதத்து ஞாயிறு, காலை ஐந்து மணி. டயரில் 45 பி.எஸ்.ஐ. காற்று. எர்ணாவூர் மேம்பாலம் ஏறி இறங்கி, மணலி வழியாக, பொன்னேரி சாலையைப் பிடித்து நாப்பாளையம் வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இடப்பக்கம் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் டிரெய்லர்களின் வரிசை, வலப்பக்கம் காத்திருக்காத டிரெய்லர்கள். நடுவில் கிடைக்கும் இரண்டடியில் கான்கிரீட் பலகைகளுக்கு இடையிலான பிளவு, வெடித்த லாரி டயரின் கம்பித் துணுக்கு, யாரோ சிந்திய ஜல்லி. முன்பு வைத்திருந்த மெல்லிய டயர் வண்டியில் அந்தப் பிளவைப் பார்த்தாலே கை இறுகும். டயர் உள்ளே போனால் ஆள் வெளியே. இதில் ஒரு 'தடக்', அவ்வளவுதான். எதிர்த்து வீசிய வாடைக்குக் குனிந்து, ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடித்ததும் வண்டி நிதானத்துக்கு வந்தது. கிராவல் சைக்கிள் என் பார்வையில் முதலில் தேர்ச்சி பெற்றது கிராவலில் அல்ல, கன்டெய்னர் சாலையில்.

நாப்பாளையம் பாலத்தை ஒட்டிக் கரையேறும் சரிவு செங்குத்து, மண்ணும் பொலபொலவென்று இருந்தது. கடைசி கியருக்குப் போய், எழுந்து நிற்காமல் சீட்டிலேயே அழுத்தி உட்கார்ந்து மிதித்தால் ஏறிவிடுகிறது. எழுந்தால் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றுகிறது. மேலே நின்று காற்றைக் கொஞ்சம் இறக்கினேன், 35க்கு.

அப்புறம் சத்தமே இல்லை. டயருக்கடியில் மண் நெரிபடும் சத்தம் மட்டும். ஒரு பக்கம் மழைக்காலத்து நீர் இன்னும் வடியாத ஆறு, மறு பக்கம் வயல். நீர்க்காகம் ஒன்று பட்ட மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் வந்து எண்ணூர்க் கழிமுகத்தையும் மீனவர்களின் வலைகளையும் கறுப்பாக்கியதே, அந்தக் கழிமுகத்தில் போய்ச் சேர்வதும் இதே ஆறுதான். சில கிலோமீட்டர் மேலே வந்தால் நம்ப முடிவதில்லை.

கரை தொடர்ச்சியாக வரும் என்று நினைத்துவிட வேண்டாம். வல்லூர் அணைக்கட்டு, காரனோடை, தாமரைப்பாக்கம் என்று போகிற வழியில் விட்டு விட்டு வரும். ஊர்ச் சாலையில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். மாடு நடந்து குளம்பு பதிந்து காய்ந்த இடங்களில்தான் உண்மையான சோதனை. 45இல் பல் கடகடத்தது. 35இல் அதே இடம் மேடு பள்ளமான பாயில் ஓட்டுவதுபோல் இருந்தது. ஷாக் அப்சார்பர் இல்லாத வண்டிக்குக் காற்றுதான் ஷாக் அப்சார்பர். பிரேக் பற்றி அப்படிப் புகழ முடியாது. ஈரமணல் ஏறியதும் முன் டிஸ்க் கீச்சிடத் தொடங்கி, வீடு வரும்வரை நிறுத்தவில்லை. வாங்கிய மூன்றே வாரத்தில் இரண்டு முறை கேபிளை இறுக்கியாயிற்று. இந்த விலைக்கு இது கொஞ்சம் அநியாயம்.

கரையின் உண்மையான எதிரி சீமைக்கருவேலம். மூன்று கிலோமீட்டரில் முதல் முள். மாற்று டியூபைப் போட்டேன். இரண்டாவது முள் தைத்தபோது கையில் ஒட்டுப் பசை தீர்ந்திருந்தது. தள்ளிக்கொண்டு போய் மிஞ்சூர்ப் பக்கம் ஒரு பஞ்சர் கடையில் நின்றேன். கடைக்காரப் பெரியவர் வால்வைக் குனிந்து பார்த்தார்.

"இது இன்னா தம்பி, ஊசி மாதிரி இருக்குது?"

"பிரெஸ்டா வால்வுண்ணே."

"எங்கிட்ட இருக்கிற பம்புக்கு இது வாய் குடுக்காதே."

நுனியில் திருகும் பித்தளை அடாப்டர் ஒன்று என் பையில் இருந்ததால் பிழைத்தேன். விரல் நகம் அளவு. அதைப் போட்டால் பைக்குக் காற்றடிக்கும் எந்த பம்பும் சேரும். ஐம்பதாயிரம் ரூபாய் வண்டியோடு அதை இனாமாகக் கொடுக்கக் கடைக்குத் தோன்றவில்லை, தனியாக வாங்கினேன். பெரியவர் பசை தேய்த்து ஒட்டுப் போட்டு, டயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்று தடவி, நான் பார்க்காமல் விட்ட இன்னொரு முள் நுனியையும் எடுத்துப் போட்டார்.

அடுத்த ஞாயிறு பூண்டி வரை போனேன். சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கொசஸ்தலையின் குறுக்கே 1944இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். அதற்கு முயன்ற மேயர் சத்தியமூர்த்தி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அவர் பெயரில்தான் சத்தியமூர்த்தி சாகர். ஏரியைத் தாண்டினால் அதிரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகள் கண்டெடுத்த இடம். அங்கே கிடைத்த கைக்கோடரிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று 2011இல் சாந்தி பப்பு குழுவினர் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எல்லாம் இந்தப் பகுதியின் குவார்ட்சைட் கூழாங்கல்லில் செதுக்கியவை. பூண்டி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அதே நிறக் கல், வெளியே என் டயரின் பள்ளத்தில் ஒன்று சிக்கியிருந்தது. ஆணி முனையால் நெம்பி எடுத்தேன். உண்மையான கிராவல் இதுதான், மாமா.

பராமரிப்பு பற்றி வடசென்னைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உப்புக் காற்றும் சாம்பல் தூசியும் செயின் எண்ணெயோடு கலந்தால் கறுப்புக் களிம்பாகிவிடும். அது பல்சக்கரத்தை அரம்போல் அராவும். எண்ணெயை மேலும் மேலும் விடாதீர்கள். ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் பழைய பனியன் துணியால் செயினைத் துடைத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, மறுபடி துடையுங்கள். துணி கறுப்பாகாமல் வரும்வரை.

வாங்கலாமா? ஏற்கெனவே பழைய ஹெர்குலிஸ் ஓடும் நிலையில் வீட்டில் இருந்தால், வல்லூர் வரைக்கும் அதுவே தாராளம். கரைச் சரிவில் இறங்கித் தள்ள வேண்டும், அவ்வளவுதான். பூண்டி வரை போய் அன்றே திரும்ப வேண்டுமென்றால் கியரும் குனிந்து பிடிக்கும் ஹேண்டிலும் தேவைப்படும். பணம் அதற்குத்தான். டயர் மட்டும் வேண்டுமென்றால், 40 மில்லிமீட்டர் நுழைய இடமுள்ள சாதாரண கியர் சைக்கிளில் மாட்டிக்கொண்டாலே பாதி பலன் கிடைத்துவிடும்.

போன வாரம் மாமா வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து ஸ்டாண்டைக் காலால் தேடினார். ஸ்டாண்டு இல்லை. சுவரில் சாய்த்துவிட்டு, "கேரியர் மட்டும் ஒண்ணு அடிச்சிடு" என்றார்.