கூதிர்ப் பருவமும் ஓய்வுபெற்ற இல்லறமும்

பெரும்பொழுதுகள் ஆறனுள் கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும் ஆகிய இரு திங்கள். வடமொழியாளர் சரத் என வழங்கும் பருவமும் நம் பஞ்சாங்கக் கணக்கில் இவ்விரு திங்களே. கணக்கில் ஒன்றாயினும் வாழ்வில் அவை இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தில்லியில் ஓராண்டு கழித்தவரும் அறிவர். தமிழகத்தில் அது அடைமழைக் காலம். இங்கோ மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, மாலையில் தெருவோரத்து ஏழிலைப்பாலை மணக்க, விடியலில் பவழமல்லி தரையெங்கும் உதிர்ந்து கிடக்கும் காலம். நம்மில் பலர் நாற்பது ஆண்டுகளாக இந்த இரண்டு கூதிரையும் ஒருங்கே சுமந்து வருகிறோம். உடம்பு ஒன்றில் இருக்கிறது. ஏட்டில் படித்தது மற்றொன்றில் இருக்கிறது.

அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நெடுநல்வாடையை மீண்டும் படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. பத்துப்பாட்டுள் ஏழாவதாக நிற்கும் இந்த 188 அடிப் பாட்டு அகமா புறமா என்னும் வழக்கு உரையாசிரியர் காலம் முதல் நடந்து வருகிறது. அவ்வழக்கில் தலையிடுவது என் நோக்கமன்று. மாணவப் பருவத்தில் கண்ணிற்படாத ஓர் இணை இப்போது கண்ணிற்பட்டது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். அவ்விணை பாசறையில் இருக்கும் அரசனும் அரண்மனையில் வாடும் அரசியும் அல்லர்; ஒரு வீட்டுப் புறாவும் அதன் பெடையும்.

கூதிர் வந்து நகரம் ஒடுங்கிய நிலையை நக்கீரர் வரிசையாகச் சொல்லி வருகிறார். அவ்வரிசையின் நடுவே, செங்கால் உடைய ஆண்புறா தன் பெடையோடு மன்றத்திற்குச் சென்று இரை தேடாமல், இரவு எது பகல் எது என்று தெரியாமல் மயங்கி, கடுத்த காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு வீட்டின் பலகையிலேயே நிற்கிறது. பருவ வருணனையில் ஓர் உறுப்பு என்று சொல்லி ஆசிரியர்கள் இதனைக் கடந்துவிடுவார்கள். எங்கள் ஆசிரியரும் அவ்வாறே கடந்தார். அவருக்கு அப்போது வயது நாற்பது இருக்கலாம். போக இடமில்லாமல் ஒரே இடத்தில் கால் மாற்றி நிற்பது எத்தகையது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டிய தேவை இல்லை.

மத்திய அரசில் ஓய்வு வயது நெடுங்காலம் 58 ஆக இருந்து 1998இல் 60 ஆயிற்று. வயது எதுவாயினும், மாத இறுதி நாளன்று மாலை போட்டு வீட்டிற்கு அனுப்பிவிடுகிறார்கள். மறுநாட் காலை ஒன்பது மணிக்கு அந்த மனிதர் செய்வது, நக்கீரரின் புறா செய்ததே. அண்மை ஆண்டுகளில் தலைநகரின் கூதிர் இவ்வுவமையை இன்னும் இறுக்கிவிட்டது. ஐப்பசிப் பிற்பகுதியிலிருந்து புகைமூட்டம் கவிகிறது. 2016 நவம்பரில் பள்ளிகளையே மூட வேண்டியதாயிற்று. முதியோர் காலை நடைக்குப் போகலாகாது என்பது இப்போது ஆண்டுதோறும் மருத்துவர் கூறும் அறிவுரை. மன்றத்திற்குப் போகாமை, பகலும் இரவும் மயங்குதல் ஆகிய இரண்டும் அப்படியே பொருந்துகின்றன. மழை மட்டும் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செயலற்று நிற்பதாகப் பாட்டில் எடுத்துச் சொல்லப்படுவது சேவலே. பெடை உடன் குறிக்கப்படுகிறது. ஆனால் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நக்கீரர் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதால் அவர் அறியவில்லை என்று கருதவேண்டா. புறாவைச் சுற்றி அவர் அடுக்கும் காட்சிகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். பொழுது போனது தெரியாத அந்த நாளில், பூந்தட்டில் இட்ட பிச்சியின் அரும்பு மலர்ந்த மணத்தால் மாலை வந்ததென்று அறிந்து விளக்கேற்றுபவர் மகளிர். வேனிலில் பயன்பட்ட வட்ட விசிறிகள் மடக்கித் தொங்கவிடப்பட்டுச் சிலந்தி நூல் படிந்திருக்கின்றன. சந்தனமும் அதை அரைக்கும் வட்டக்கல்லும் ஒதுக்கப்பட, குளிருக்கேற்ற நறுமணப் பொருள்கள் வேறு கல்லில் அரைபடுகின்றன. (கல் வடவர் தந்தது, சாந்து தென்னாட்டது என்று புலவர் குறிக்கிறார். வடக்கும் தெற்கும் ஒரே மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் அக்காட்சியை, இங்குக் குடியேறிய நாம் சற்று நின்று பார்க்கலாம்.) குளிர்ந்த நீர்க்கலத்தை யாரும் நாடுவதில்லை, அகன்ற வாயுடைய தடவில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்கிறார்கள். வெளியே கோவலர் மழையில் நடுங்கியபடி ஆநிரையை மேட்டுநிலத்திற்கு ஓட்டுகிறார்கள் என்பதும் உண்மை. ஆடவர் எல்லாரும் சோம்பியிருந்ததாகப் பாட்டு கூறவில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால், பருவம் மாறியபோது ஓயாமல் உருமாறி நடப்பது மகளிர் தொழில்தான்.

எங்கள் வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் இந்த அடிகள் ஏறக்குறைய அவ்வாறே நிகழ்கின்றன. தீபாவளி கழிந்ததும் மின்விசிறி நிற்கும். கூலரில் எஞ்சிய தண்ணீரை வடித்து, புல் தட்டிகளைக் கழற்றி எறிந்து, பழைய புடவையால் அதைப் போர்த்த வேண்டும். பரண்மேல் இருக்கும் ரஜாய்களை இறக்கி மொட்டைமாடி வெயிலில் மூன்று நாள் காயவிட வேண்டும். காலிபிளவரும் முள்ளங்கியும் வந்துவிட்டதால் சமையல் முறை மாறும். குளிர்பதனப் பெட்டியில் தண்ணீர்ப் புட்டி வைப்பது நின்று, அடுப்பில் எப்போதும் ஒரு பாத்திரம் வெந்நீர் இருக்கும். இவை அனைத்தையும் செய்பவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பரணில் ஏறும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொள்வது என் பங்கு. அலுவலகத்தில் இருந்த காலத்தில் இந்த வேலைகள் தாமாகவே நடப்பன என்று எண்ணியிருந்தேன். ரஜாய் தானே பரணிலிருந்து இறங்கி வரும் என்று ஒருவன் நாற்பது ஆண்டு நம்பலாம் என்பதற்கு நானே சான்று.

இனிப் பாவேந்தருக்கு வருவோம். தமிழில் முதுமைக் காதலைப் பாடியவர் என்றால் பாரதிதாசன் பெயரே முதலில் நினைவுக்கு வரும். குடும்ப விளக்கின் ஐந்தாம் பகுதி முதியோர் காதல். அங்கே கிழவர், தம் துணைவியின் உடல் அழகைப் பற்றிப் புலவர்கள் வழக்கமாகச் சொல்லும் உவமைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, அவள் உயிரோடு உள்ளாள் என்பதொன்றே தமக்குப் போதிய இன்பம் என்கிறார். திருமண மேடைகளிலும் பட்டிமன்றங்களிலும் மிகுதியாக எடுத்தாளப்பட்ட இடம் அது. அத்தனை முறை கேட்டும் தேயாத பாட்டு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் ஒரு குறை சொல்லத் தோன்றுகிறது. அதே நூலின் முதற்பகுதி ஒருநாள் நிகழ்ச்சி. வாசலில் கோலமிடும் விடியல் முதல் இரவு வரை தங்கம் என்னும் இல்லத்தரசியின் ஒரு நாளை மணிமாலைபோல் கோத்துக் காட்டியவர் பாரதிதாசன். வீட்டு வேலையைக் காப்பியப் பொருளாக்க அஞ்சாத அந்தக் கவிஞர், அதே தங்கம் மூதாட்டியான பின் அவளுடைய ஒரு நாளை அம்முறையில் கோத்துக் காட்டவில்லை. இளமையில் அவள் செய்வதைப் பாடினார். முதுமையில் அவள் இருப்பதைப் பாடினார். மக்களும் மருமக்களும் சூழ்ந்த இல்லம் ஆதலின் வேலை அவர்கள் கைக்குப் போயிருக்கும் என்று விடை கூறலாம். முதுமையில் மக்களோடு நிறைந்து, சுற்றத்தோடு கூடிச் சிறந்ததைப் பயில வேண்டும் என்று தொல்காப்பியர் கற்பியலில் வகுத்த நெறியும் அத்தகைய இல்லத்தை எண்ணி வகுத்ததே.

நம்மவர் இல்லம் அத்தகையதன்று. மகன் பெங்களூரிலோ கடல் கடந்தோ இருக்கிறான். சுற்றம் தஞ்சையிலும் நெல்லையிலும் இருக்கிறது. இரண்டு அறை வீட்டில் இருவர். தொல்காப்பியர் சொன்ன மக்கள் நிறைவை எடுத்துவிட்டால் அந்நெறியில் எஞ்சுவது என்ன என்று நம் கதாசிரியர்கள் கேட்டிருக்கலாம். அவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவரை நாளிதழும் காப்பியுமாக நகைச்சுவைக்கு வைத்துக்கொண்டார்கள், அல்லது மகனால் கைவிடப்பட்டவராக்கி அழவைத்தார்கள். காலை பத்து மணிக்குச் சமையலறை வாசலில் வந்து நின்று, உள்ளே போவதா கூடத்திற்குத் திரும்புவதா என்று தெரியாமல் கால் மாற்றும் மனிதனையும், அவனுக்கு முதுகு காட்டிக் கீரை ஆய்ந்துகொண்டே அவன் நிற்பதை அறிந்திருக்கும் பெண்ணையும் எழுதியவர் சிலரே. ஓய்வு என்பது வீட்டில் ஒருவருக்கு மட்டும் கிடைத்த ஒன்று என்பதே அக்காட்சியின் பொருள். அதனை நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதலாம்.

இருப்பதே இன்பம் என்ற பாவேந்தரின் கருத்து கூதிரில் எனக்கு வேறொரு வழியிலும் நினைவுக்கு வரும். ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பரில் தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று அளிக்க வேண்டும். 2014 நவம்பர் முதல் விரல்ரேகை வைத்து மின்னணு முறையிலும் அளிக்கலாம். சென்ற கார்த்திகையில் வங்கிக்குப் போனபோது மனைவியும் உடன் வந்தாள். காய்ந்த விரலில் ரேகை பதியவில்லை. ஊழியர் பொறுமையாக நான்கு முறை முயன்றார். ஐந்தாம் முறை நான் இருப்பது உறுதியாயிற்று. மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் கேட்டாள்:

“ஏங்க, நான் இருக்கேன்னு எங்கேயும் சொல்ல வேண்டாமா?”

“உனக்கு இப்போது தேவையில்லை” என்றேன்.

குடும்ப ஓய்வூதியம் என்று ஒன்று உண்டு என்பதும், அது எப்போது தொடங்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். ‘இப்போது’ என்ற சொல்லுக்கு அவள் விளக்கம் கேட்கவில்லை. முள்ளங்கி வாங்க வேண்டும், மண்டி வழியாகப் போகலாம் என்றாள்.