பழைய முகங்களும் இலவச மென்பொருளும்

திருகோணமலைப் பக்கத்தில் ஒரு வீட்டில் மரணம் என்றால், அன்றைக்கே தேடத் தொடங்கும் பொருள்களில் இறந்தவரின் படமும் ஒன்று. கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்கு அது வேண்டும். 31ஆம் நாள் நினைவு மலருக்கும் வேண்டும். நல்ல படம் கிடைப்பது அரிது. 2004 டிசம்பர் 26இல் கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் கடல் புகுந்த வீடுகளில் அல்பங்கள் மிஞ்சவில்லை. 2006 போரில் சம்பூரை விட்டு ஓடியவர்களுக்கு அல்பத்தை எடுக்கவா நேரம் இருந்தது? அடையாள அட்டைப் படமோ, யாரோ ஒருவரின் கலியாணப் படத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கும் முகமோதான் எஞ்சும். இத்தகைய படங்களைத் திருத்தும் தொழிலை ஓர் இளைஞர் இலவச மென்பொருளில் கற்கத் தொடங்கலாமா? தொடங்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் இன்று தொடங்கும் முறையில் எனக்கு உடன்பாடில்லை.

விலையை முதலில் சொல்லிவிடலாம். போட்டோஷொப் 2013 முதல் சந்தாவாக மாறியது, சந்தா டொலரில். 2022 நெருக்கடியில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது சின்ன ஸ்டூடியோக்களுக்கு அது எட்டாத உயரமானது. ‘கிராக்’ பிரதி எங்கும் கிடைக்கும். ஆனால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அது குற்றம். வைரஸ் பயம் வேறு. கிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் 1995இல் தொடங்கிய அந்த மென்பொருள் இன்றும் இலவசம். பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

ஆனாலும் நான் பெரிதாக மதிப்பது, புதியவர்கள் எரிச்சலோடு ஒதுக்கும் ஒரு குணத்தைத்தான். 2012இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து, கிம்ப்பில் ‘சேவ்’ கொடுத்தால் கோப்பு, படத்தின் அடுக்குகளை (லெயர்) அப்படியே காக்கும் எக்ஸ்சிஎஃப் என்ற அதன் சொந்த வடிவில்தான் சேமிக்கப்படும். ஜேபெக் வேண்டுமென்றால் தனியாக ‘எக்ஸ்போர்ட்’ செய்ய வேண்டும். ஒரு வீட்டில் மிஞ்சிய ஒரே படத்தைத் திருத்துகிறவருக்கு இது பெரிய காப்பு. மூலப்படம் அடி லெயரில் அப்படியே கிடக்க, திருத்தம் எல்லாம் மேலே தனி லெயரில் இருக்கும். மகள் வந்து “அம்மாவின் நெற்றித் தழும்பை ஏன் எடுத்தீர்கள்?” என்று கேட்டால், அந்த இடத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கலாம்.

அடுத்தது சனல், அதாவது படத்தின் சிவப்பு, பச்சை, நீலத் தகவல்கள் தனித்தனியாக. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஈரம் பட்டு மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்திருந்தால், படத்தை வண்ணத்திலேயே ஸ்கேன் செய்து மூன்று சனல்களாகப் பிரித்துப் பாருங்கள். நீலச் சனலில் கறை கருமையாகத் தெரியும். சிவப்புச் சனலில் பெரும்பாலும் மறைந்துவிடும். படத்தின் மேல் விழுந்த முத்திரையின் நீல மைக்கு இது நேர்மாறு. எழுபதுகள், எண்பதுகளின் வண்ணப் படங்கள் பல சிவந்து கிடக்கின்றன. அல்பத்தின் இருட்டில் இருந்தாலும் சயான் சாயம் முந்தி மங்கியதே காரணம். ‘லெவல்ஸ்’ கருவியில் சனல் சனலாக இரு முனைகளையும் சரிசெய்தால் பாதி நிறம் திரும்பிவிடும். இதில் எதுவும் கற்பனை இல்லை. தாளில் எஞ்சியிருக்கும் தகவலைத்தான் வெளியே எடுக்கிறோம்.

கற்கத் தொடங்குகிறவர்களோ ‘ஹீல்’, ‘குளோன்’ கருவிகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பலன் உடனே தெரிவதால் அந்த ஆசை புரிகிறது. ஆனால் கன்னத்தின் தோலை எடுத்துக் கண்ணோரச் சுருக்கத்தின் மேல் ஒட்டப் பழகிய கை, எங்கே நிறுத்துவது என்று அறியாது. கைபேசிச் செயலிகள் இன்னும் ஒரு படி மேலே போய், மங்கிய முகத்தைச் செயற்கை நுண்ணறிவால் ‘தெளிவாக்கி’ வேறொருவரின் கண்களை வைத்துவிடுகின்றன. அந்த முகத்துக்குத்தான் பிள்ளைகள் மாலை போடுகிறார்கள். இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

கிம்ப்பின் சொந்தக் குறைகளும் உண்டு. சிஎம்வைகே நிறமுறையில் நேரடியாக வேலை செய்ய முடியாது. ஜேபெக் வாங்கும் போட்டோ லாபுக்கு இது பொருட்டல்ல. ஆனால் நினைவு மலர் ஓஃப்செட் அச்சுக்குப் போகும்போது தோல் நிறம் மாறி வரலாம். விளைவுகளைப் பிறகும் மாற்றிக்கொள்ளும் வசதி 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்தான் கிடைத்தது. போட்டோஷொப்பைப் பார்க்க அது மிகத் தாமதம். தமிழ் யுனிகோட் எழுத்தைக் கிம்ப் சிதைக்காமல் காட்டும். ஆனால் நம் அச்சகங்களில் யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவின் ஆட்சி இன்னும் முடியவில்லை.

மென்பொருளைத் திறக்கும் முன்பே பாதி வெற்றி தோல்வி முடிவாகிவிடுகிறது. 35க்கு 45 மில்லிமீற்றர் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 827க்கு 1063 பிக்சல்தான் வரும். 8க்கு 12 அங்குலத்தில் 300 டிபிஐ அச்சுக்கு 2400க்கு 3600 வேண்டும். அந்த இடைவெளியை எந்தக் கருவியும் உண்மையாக நிரப்பாது. படத்தைச் சிறிதாக அச்சிடுவதே நேர்மை. 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் யமமோட்டோவில் தொண்டர்கள் ஏறத்தாழ 7.5 இலட்சம் படங்களைச் சேர்த்துக் கழுவி, உலர்த்தி, மறுபடி படம்பிடித்து, உரியவர்களைத் தேடிக் கொடுக்க முனைந்தார்கள். நம் பயிற்சி வகுப்புகளும் அந்த வரிசையில் தொடங்கட்டும்: முதல் வாரம் துடைப்பதும் ஸ்கேன் செய்வதும், அடுத்து லெவல்ஸும் சனலும், பிறகு லெயர். ‘குளோன்’ கருவியைக் கடைசி வாரத்தில் காட்டினால் போதும்; அதுவும் கிழிசலுக்கும் கீறலுக்கும் மட்டும்.