பிடிக்காதவளைப் பார்த்துக்கொண்டிருத்தல்

ரசிகர் என்றதும் பலருக்குக் கட்அவுட்டும் பாலாபிஷேகமும் நினைவுக்கு வரும். குற்றாலத்துக்காரர்களுக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார். ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் (1882–1954) தம் கடைசிக் காலத்தைக் கழித்தது இங்கேதான். கம்பனின் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவரையும் அதற்குள் இழுத்துவிடுவாராம். ரசனையையே வாழ்க்கைத் தொழிலாகச் செய்தவர். ரசித்ததைப் போலவே ஒதுக்கவும் செய்தார். மனசுக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பனுடையவை அல்ல, இடைச்செருகல் என்று தள்ளிவிட்டார். (தமிழ் படித்தவளாக எனக்கு இதில் சண்டை உண்டு. அது வேறு கட்டுரை.)

அதே 1940களில் அதே கம்பனை அண்ணா வேறொரு நோக்கத்தோடு படித்துக்கொண்டிருந்தார். காமச்சுவை மிகுந்த பாடல்களைத் தேர்ந்து, இதையா புனித இலக்கியம் என்கிறீர்கள் என்று கேட்ட நூல் அவருடைய 'கம்பரசம்'. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைச் சலித்து இவற்றைப் பொறுக்கி எடுக்கக் கம்பன் அன்பர்கள் பலருக்கு இல்லாத பொறுமை வேண்டும். அப்படியானால் அண்ணாவும் கம்பனின் ரசிகர்தானா?

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பியவள் ஒரு மாணவி. அகத்திணையில் அலர் பற்றிப் பாடம் முடிந்த ஒரு பிற்பகலில் எழுந்து கேட்டாள்: "மேம், எனக்குச் சுத்தமா புடிக்காத ஒரு பொம்பள யூடியூப்ல இருக்கா. அவ வீடியோ ஒண்ணுகூட விடாம பாக்கேன். அப்ப நானும் அவளுக்கு ரசிகைதானா?" வகுப்பு சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெண்ணின் சமையலறை அலமாரியில் எத்தனை டப்பா இருக்கிறது என்பதுகூடத் தெரிந்திருந்தது.

ஊடக ஆய்வாளர் ஜொனாதன் கிரே 2003இல் 'எதிர்-ரசிகர்' என்ற வகையைப் பற்றி எழுதினார். ரசிகரை மட்டும் ஆராய்ந்தால் போதாது, வெறுப்பவரையும் ஆராய வேண்டும் என்பது அவர் வாதம். அவர் காட்டும் எதிர்-ரசிகர் பெரும்பாலும் தூரத்தில் நிற்பவர். முழுதாகப் பார்க்காமலே, விளம்பரத்தையும் பிறர் பேச்சையும் வைத்து வெறுப்பவர். என் மாணவி அப்படியல்ல. அவள் கிட்டத்தில் இருக்கிறாள், ரசிகையை விடவும் கிட்டத்தில்.

தமிழில் இந்தக் கிட்டப் பார்வை ஊர்ப் பழக்கமானது 2017இல் என்பேன். அந்த ஜனவரியில் மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் கோஷம் போட்ட ஒரு செவிலியரின் காணொளி பரவியது. ஜூலி என்று நாடறிந்தார். ஊரே தங்கச்சி என்று கொண்டாடியது. ஜூன் மாதம் கமல்ஹாசன் தொகுத்து வழங்கிய பிக் பாஸ் முதல் சீசனுக்குள் அவர் போனார். அது சாரல் காலம். குற்றாலத்து விடுதி வரவேற்பறைகளில், தலைகூடத் துவட்டாமல் நின்று அதைப் பார்த்தவர்கள் உண்டு. சில வாரங்களில் தங்கச்சி எல்லோருக்கும் வேண்டாதவளானாள். ஓவியாவைப் பற்றி அவர் சொன்னது பொய் என்று காட்ட ஒளிபரப்பான காட்சித் துண்டால் 'குறும்படம்' என்ற சொல்லுக்கே புதுப் பொருள் வந்தது. இன்றும் தென்காசிப் பக்கத்து வீடுகளில் பொய்யைப் பிடித்துவிட்டால் "குறும்படம் போடட்டுமா" என்கிறார்கள்.

பொய் சொன்னார், சரி. அதற்கு மேல் நடந்ததுதான் என் அக்கறை. அழுதால் நடிப்பு, சிரித்தாலும் நடிப்பு, மன்னிப்புக் கேட்டால் அதைவிடப் பெரிய நடிப்பு. சுற்றிலும் கேமரா மாட்டிய ஒரு வீட்டுக்குள் இருப்பவர்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு இது! அதே வீட்டில் கண்ணீர் விட்ட ஆண்களும் கூட்டணி மாற்றிய ஆண்களும் இருந்தார்கள். அவர்கள் மறக்கப்படும் சலுகை பெற்றார்கள். ஜூலியின் நிறம், குரல், பல், நடை, ஆங்கிலம் எல்லாம் கணக்கில் ஏறின. அந்த நிகழ்ச்சியில் பார்வையாளர் ஓட்டு காப்பாற்றத்தான். வெளியேற்றத் தனி ஓட்டு கிடையாது. வெறுத்தவர் செய்யக்கூடியது மற்றவருக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, மறுநாளும் உட்கார்ந்து பார்ப்பது. ஆகஸ்டில் அவர் வெளியேறினார்; பிறகு விருந்தினராகத் திரும்ப அழைக்கப்பட்டார். வெறுப்பும் பார்வையாளர் கூட்டம்தான் என்பதைத் தொலைக்காட்சிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

யூடியூபின் கணக்கும் அதுவே. 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையை அது பொதுப் பார்வையிலிருந்து மறைத்தது. அதற்கு முன்பும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்த பத்து நிமிடமும் பரவசத்தோடு பார்த்த பத்து நிமிடமும் அதற்கு ஒன்றுதான். திருக்குறளின் 115ஆம் அதிகாரத்தில் ஊர் தூற்றும் அலரே காதலை வளர்க்கிறது. இன்று அது வருமானத்தை வளர்க்கிறது. ஆகவே கணக்குப் புத்தகத்தின்படி என் மாணவி ரசிகைதான். நேரம், நினைவாற்றல், ஒரு நாளும் தவறாத வருகை, எல்லாம் ரசிகை கொடுப்பதுதான்.

ஆனால் நான் அவளுக்கு 'ஆம்' சொல்லவில்லை. டி.கே.சி.யின் ரசனையில் எனக்குப் பிடித்த அம்சம், ஏற்கெனவே தெரிந்த பாட்டிலும் தெரியாத ஒன்று கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு. ரசிகைக்கு அவள் ரசிக்கும் ஆள் ஏமாற்றம் தரலாம்; அப்போது அவள் அழுவாள், சண்டை போடுவாள், மன்னிப்பாள், சில சமயம் விட்டுவிடுவாள். வெறுத்துப் பின்தொடர்பவளை யாராலும் வியக்க வைக்க முடியாது. அந்த யூடியூப் பெண் மாமியாரைக் கவனித்தால் வேஷம், கவனிக்காவிட்டால் திமிர். தீர்ப்பு முதல் நாளே எழுதியாகிவிட்டது. தினமும் சாட்சி மட்டும் சேர்கிறது. அண்ணா இங்கே விலகி நிற்கிறார். கம்பனின் கவித்திறனை அவர் மறுக்கவில்லை. அந்தத் திறன்தான் கதையின் அரசியலைப் பரப்புகிறது என்பதுதான் அவர் வழக்கு. மேலும் அவர் எதிர்த்தது மேடைகளும் பல்கலைக்கழகங்களும் தாங்கிப் பிடித்த ஒரு காவியத்தை. 1943இல் ரா.பி.சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் எதிரெதிரே நின்று அதற்கு வாதாடினார். அதை விமர்சனம் என்கிறோம். முகம் காட்டாமல், பதில் சொல்லும் வாய்ப்பில்லாத ஒரு பெண்ணின் கைச்சதை பெருத்ததைக் குறித்து வைப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அதற்கு நம் இலக்கியத்தில் பழைய பெயரே இருக்கிறது: காவல். வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், வெளியே விரிவது அலர், அதற்கு அடுத்தபடி இற்செறிப்பு. தலைவியின் நடை மாறியதா, கண் சிவந்ததா, பூ யார் கொடுத்தது என்று கவனிக்கும் கண்கள் சங்கப் பாடல்களில் பெரும்பாலும் பெண்களுடையவை. என் மாணவிகளும் அந்தக் கண்களுக்கு நடுவில்தான் வளர்ந்தார்கள். துப்பட்டா எங்கே விலகியது, பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்று தெருவே கணக்கு வைத்தது. அந்தக் கணக்கு எழுதும் வித்தையை அவர்கள் நன்றாகப் பழகிவிட்டார்கள். இப்போது எழுத ஒருத்தி கிடைத்திருக்கிறாள்: திருப்பி ஒன்றும் செய்ய முடியாதவள், உறவுக்காரி இல்லை, பார்த்தால் வீட்டில் திட்டும் விழாது.

ஆனாலும் அவர்களிடமிருந்து போனைப் பிடுங்கும் கட்சியில் நான் இல்லை. அவர்கள் விடுதியில் மாலை ஆறரைக்குக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். அதன்பின் ஏழு பேர் ஒரு கட்டிலில் நெருக்கியடித்து ஒரே போனைப் பார்த்து, அந்தப் பெண்ணைப் போலவே பேசிக் காட்டி, வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். "ஆம்பளைங்களப் பத்திப் பேசுனா வார்டன் திட்டுவாங்க, இவளப் பத்திப் பேசுனா அவங்களும் வந்து உக்காந்துக்குவாங்க" என்றாள் ஒருத்தி. அங்கே ரசனை உண்டு. ஆனால் ரசிக்கப்படுவது திரையில் இருப்பவள் இல்லை. அந்த ஒரு மணி நேரமும், ஒருத்தி சொல்லை இன்னொருத்தி வாங்கி வளர்க்கும் சாமர்த்தியமும்தான். அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. அதற்குத் தீனியாக ஏன் எப்போதும் ஒரு பெண்ணே கிடைக்கிறாள் என்பதுதான் நான் அவர்களோடு பேச விரும்புவது.

கேள்வி கேட்ட மாணவியிடம் அன்று ஒன்று மட்டும் கேட்டேன்: அந்தப் பொம்பளை நாளைக்கே சேனலை மூடிவிட்டால் என்ன செய்வாய்? ஓவியா அந்த வீட்டை விட்டுப் போனபோது சாப்பிடாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும் என்பதால் கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "வேற ஆளத் தேடணும் மேம்" என்றாள்.