ஐதராபாத்திலிருந்து வண்டி, கொழும்பிலிருந்து கணக்கு

2016 ஜூலையில் இலங்கையின் மேல், தென் மாகாணங்களில் ‘1990 சுவசெரிய’ அம்புலன்ஸ்கள் ஓடத் தொடங்கின. வண்டிகள் இந்திய அரசின் நன்கொடை. நடத்தும் முறை 2005இல் ஐதராபாத்தில் பிறந்த 108 சேவையினுடையது. தொடக்க கால ஊழியர்கள் அங்கே போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். 2018இல் சேவை யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. அதே ஆண்டில் தனிச் சட்டம் இயற்றி இலங்கை அதைத் தன் சொந்த அமைப்பாக்கிக்கொண்டது. இது பலரும் அறிந்த கதை. எதிர்த்திசையில் போன ஒன்றைப் பற்றித்தான் பேச்சே இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரும் ஒவ்வொரு நோயாளியையும் பதிந்து, கடைசியில் அவர் என்ன ஆனார் என்று பார்க்கும் கணினிப் பதிவேடு ஒன்று கொழும்பில் வளர்ந்து, 2019இல் சென்னை மருத்துவர்கள் வழியாக இந்தியாவுக்கு வந்தது. இங்கே அதன் பெயர் ஐரிஸ்.

சின்ன நாட்டில் அது ஏன் முதலில் முளைத்தது? பற்றாக்குறைதான் காரணம் என்பேன். 2010களின் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு இரண்டரை ஐசியூ கட்டில்கூடத் தேறாது. பெரும்பாலானவை அரசாங்க வைத்தியசாலைகளில்; எல்லாம் இலவசம். காசு கொடுத்து முந்த வழியில்லாத இடத்தில் கட்டிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆதார வைத்தியசாலையில் தலையில் அடிபட்ட இளைஞனுக்கு ஒரு தாதி கையால் பையை அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டிருக்க, மருத்துவர் ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியாகப் போன் போட்டு “கட்டில் இருக்கா?” என்று கேட்பார். எங்கே கட்டில் காலி என்பதை ஒரே இடத்தில் பார்க்கச் சுகாதார அமைச்சு கண்காணிப்பு ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. கட்டிலில் இருப்பவர் யார், என்ன நோய், பிழைத்தாரா என்ற கேள்விகள் அதன் பின்னாலேயே வந்தன. அமைச்சு ஒன்று, முதலாளி ஒருவர், சம்பளப் பட்டியல் ஒன்று என்பதால் படிவத்தை எல்லாரும் நிரப்ப வைப்பது அங்கே நடக்கிற காரியமாக இருந்தது.

இந்தியாவில் கட்டிலுக்குப் பஞ்சமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கதை வேறு. 2020இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி நாட்டில் சுமார் 95,000 ஐசியூ படுக்கைகள். பாதிக்கு மேல் தனியாரிடம். ஐசியூவில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று வெளியிட வேண்டிய கட்டாயம் அவர்களுக்குக் கிடையாது. 2010–11இல் ‘இண்டிகேப்ஸ்’ என்ற ஆய்வு 124 ஐசியூக்களில் 4,209 நோயாளிகளைக் கணக்கெடுத்தது. பெரிய முயற்சிதான். ஆனால் அது ஆண்டில் நான்கு குறிப்பிட்ட நாட்களில் எடுத்த கணக்கு. நாள்தோறும் எடுக்கும் கணக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. அதிலும் ஐரிஸில் சேர்ந்தவை தாமாக முன்வந்த மருத்துவமனைகள். தன் எண்களைப் பார்க்கத் துணிகிற இடம் பொதுவாக ஏற்கெனவே ஓரளவு நன்றாக நடக்கிற இடமாகத்தான் இருக்கும். இந்தியாவின் சராசரி என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கணக்கெடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு ஐசியூவில் பத்தில் மூவர் இறந்தார்கள் என்றால் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது; வந்தவர்கள் எவ்வளவு மோசமான நிலையில் வந்தார்கள் என்பது தெரிய வேண்டும். அதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல் 1985இல் அமெரிக்காவில் உருவான அப்பாச்சி-2. ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, தமனி ரத்தத்தின் ஆக்சிஜன், சோடியம், பொட்டாசியம் என்று பலவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவது. எடுக்காத சோதனைக்கு? அது இயல்பாக இருந்ததாக வைத்துக்கொண்டு பூஜ்யம் போடுவது வழக்கம். எல்லாச் சோதனையும் செய்கிற ஊரில் இந்த வழக்கத்தால் கெடுதல் இல்லை. ரத்த வாயு பார்க்கும் கருவிக்குக் காட்ரிட்ஜ் தீர்ந்துபோன மாவட்ட ஆஸ்பத்திரியில், சாகக் கிடக்கிறவர்கூடத் தாளில் பாதி ஆரோக்கியமானவராகிவிடுவார். அவர் இறந்ததும், பிழைக்க வேண்டியவரைக் கோட்டை விட்டதாகப் பழி ஆஸ்பத்திரிமேல் விழும். செயற்கைச் சுவாசக் குழாய் போட்டவர் பேச முடியாதபோது நினைவு மட்டத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பது இன்னொரு தலைவலி. ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு மாதிரி போடுவார்.

இந்தச் சிக்கலுக்குத்தான் பதிவேட்டை வளர்த்த கொழும்புக் குழு முன்னின்று ஒரு விடை தேடியது. இலங்கை, இந்தியா, வங்கதேசம், நேபாளம் ஆகிய நாடுகளில் 21 ஐசியூக்களின் 3,855 நோயாளிகளை வைத்து, எளிதில் கிடைக்கிற தகவல்களைக் கொண்டே போடக்கூடிய எளிய மதிப்பெண் முறை ஒன்றை 2017இல் வெளியிட்டார்கள். வந்து சேரும்போது வென்டிலேட்டரில் இருந்தாரா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை என்கிற மாதிரியான, எந்தக் கேஸ் ஷீட்டிலும் இருக்கக்கூடிய விஷயங்கள். நம் ஊர் நோயாளிகளை வைத்து நம் ஊருக்குச் செய்த அளவுகோல் என்பதால், எனக்கு அது அம்புலன்ஸ் நன்கொடையைவிடப் பெரிய பரிமாற்றமாகப் படுகிறது.

இரு நாட்டுக் கணக்குக்கும் நடுவே உண்மையான விரிசல் விழுவது ‘முடிவு’ என்ற கட்டத்தில். சென்னையிலோ மதுரையிலோ தனியார் ஐசியூ வாசலில் ஐந்தாறு நாள் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். பில் கவுண்டரிலிருந்து இன்னொரு சீட்டு வரும். மாமாவும் அண்ணனும் வராந்தாவில் ஒதுங்கிப் பேசுவார்கள். பிறகு பெரியவர் ஒருவர் உள்ளே போய், “டாக்டர், எங்களால இனிமே முடியாதுங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறோம்” என்பார். சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்து. ஆஸ்பத்திரி மொழியில் இது ‘டாமா’. வீட்டில் குழாயை எடுத்த சில மணி நேரத்தில் உயிர் பிரியும். ஆஸ்பத்திரிக் கணக்கில் அவர் உயிரோடு வெளியேறியவர். இந்திய எண்களைப் படிக்கும்போது இவர்களை எந்தப் பக்கம் சேர்த்திருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். இலங்கையின் அரசாங்க ஐசியூவில் கட்டில் வாடகை என்று ஒன்று இல்லாததால் இந்த வாசல் குறுகலானது. (2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருந்தை வெளியே வாங்கிவரச் சொல்வது அங்கும் கூடிவிட்டது; வாசல் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.) அங்கே கணக்கு ஒழுகுவது வேறு ஓட்டையில்: ஆதார வைத்தியசாலையிலிருந்து போதனா வைத்தியசாலைக்கு மாற்றிய நோயாளி அனுப்பிய இடத்துப் பதிவில் ‘மாற்றப்பட்டார்’ என்பதோடு நின்றுபோகிறார்.

சாலை விபத்துக்கு வந்தால் எண்களே கொஞ்சம் வியப்பூட்டும். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இலங்கையில் சுமார் 2,500. மக்கள்தொகையால் வகுத்தால் இரண்டும் லட்சத்துக்கு 11, 12 என்று ஏறத்தாழ ஒன்றுதான். தமிழ்நாடு அந்த ஆண்டு 17,000க்கு மேல் இழந்தது. லட்சத்துக்கு இருபதைத் தாண்டுகிறது. விபத்துக் காயம் குறித்த ஆராய்ச்சியில் இந்தியா முந்தி நிற்கிறது. பெருநகரங்களின் நான்கு அரசுப் போதனா மருத்துவமனைகளில் காயத்தோடு சேர்ந்த 11,000க்கும் மேற்பட்டவர்களை 2013 முதல் பதிவேடு ஒன்றின் மூலம் தொடர்ந்து பார்த்ததில், ஐந்தில் ஒருவருக்கு மேல் முப்பது நாளுக்குள் ஆஸ்பத்திரியிலேயே இறந்திருந்தார்கள். ரத்தப்போக்கை மட்டுப்படுத்தும் மலிவான டிரானெக்சாமிக் அமிலம் உயிர் காக்கும் என்று 2010இல் நிறுவிய ‘கிராஷ்-2’ சோதனையில் 40 நாடுகளின் 20,211 பேர் சேர்ந்தார்கள். நம் ஆஸ்பத்திரிகளின் காயம்பட்டவர்கள் அதில் கணிசமான பங்கு. இலங்கைக்கு அந்த எண்ணிக்கை எட்டாது.

ஆனால் விஷம் குடித்தவர்கள் விஷயத்தில் இலங்கை செய்தது முன்னோடியானது. அனுராதபுரம் பக்கத்து வைத்தியசாலைகளில் 4,632 நோயாளிகளிடம் கரித்தூள் சிகிச்சையைச் சோதித்து, பலனில்லை என்று 2008இல் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். கூடவே எந்தப் பூச்சிமருந்து எத்தனை பேரைக் கொல்கிறது என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, 1995 முதல் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்தார்கள். இருபது ஆண்டில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் சரிந்தது. இந்தத் தடைகளால் தப்பியவர்கள் ஐசியூவுக்கு வராமலே பிழைத்தவர்கள். இந்தியாவில் கேரளம் 2011இல் அந்த வழியில் போனது. மற்ற மாநிலங்கள் மெதுவாகத்தான் வருகின்றன.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் திட்டம். தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். இதனால் ‘டாமா’ கையெழுத்து இரண்டு நாளாவது தள்ளிப்போகிறது, அதுவே பெரிது. ஆனால் திட்டத்தின் சாதனையாக மேடையில் சொல்லப்படுவது எத்தனை லட்சம் பேர், எத்தனை கோடி ரூபாய் என்பதுதான். 49ஆவது மணி நேரத்தில் அந்தக் குடும்பம் என்ன செய்தது என்பது அந்த எண்களில் வராது. பணம் கேட்கும் படிவத்தில் நோயாளியின் பெயரும் காயமும் ஆஸ்பத்திரியும் ஏற்கெனவே இருக்கின்றன. முப்பதாம் நாள் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, “எப்படி இருக்கார்?” என்று கேட்டு ஒரு வரி சேர்க்க ஆகும் செலவு, இரண்டு நாள் சிகிச்சைக்குக் கொடுக்கிற தொகையில் கண்ணுக்கே தெரியாது.