யாரோடு நிற்பது? மலையகத் தேர்தல் கூட்டுகள்: ஓர் ஆய்வு

அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர் ஒருவர் தமக்குத் துணையாக யாரை நிறுத்துகிறார் என்பது அங்கே தனித்த ஆய்வுத் துறை. 1944இல் ரூஸ்வெல்ட் நான்காம் முறை நின்றபோது, அதுவரை துணை ஜனாதிபதியாக இருந்த ஹென்றி வாலஸை ஒதுக்கிவிட்டு ஹாரி ட்ரூமனை ஏற்றார்கள். 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்தார். ஹிரோஷிமா முடிவு ட்ரூமன் கைக்குப் போயிற்று. வாலஸே நீடித்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை வரலாறு எழுதுவோர் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இலங்கையில் துணை ஜனாதிபதி கிடையாது. பதவி வெறுமையானால் பிரதமர் பதில் கடமையாற்றுவார், பாராளுமன்றம் புதியவரைத் தெரிவு செய்யும். 1993இலும் 2022இலும் இதைக் கண்டோம். ஆனால் "யாரோடு சேர்ந்து நிற்பது" என்ற கேள்வி ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வாக்கு எண்ணிக்கையைவிடக் கனமானது. தோட்டத்தில் வேட்பாளர் பெயருக்கு முன்பே "எந்தச் சின்னத்தில நிக்கிறாரு?" என்றுதான் கேட்பார்கள். சேவலா, யானையா, வெற்றிலையா, மொட்டா, தொலைபேசியா என்பது தெரிந்துவிட்டால் பாதி அரசியல் தெரிந்துவிடும்.

மலையக அரசியல் பற்றிய எழுத்தில் பிரஜாவுரிமைப் பறிப்புக்கே பெரும் இடம். வள்ளி கணபதிப்பிள்ளை நாடற்ற நிலையை விரிவாக ஆராய்ந்தார். டேனியல் பாஸ் மலையகத் தமிழரின் அன்றாட இன அடையாளத்தை எழுதினார். குமாரி ஜயவர்தன தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சியைத் தந்தார். சாரல்நாடன் நடேசய்யரை மீட்டெடுத்தார். கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கும் கலை இவற்றின் ஓரத்திலேயே நிற்கிறது. அதை நடுவில் வைத்துப் பார்த்தால் ஒன்று துலங்கும்: சில காலங்களில் மலையகம் தன் கூட்டாளியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, சில காலங்களில் கூட்டாளி மலையகத்தின் பிரதிநிதியையே தேர்ந்தெடுத்திருக்கிறார். இரண்டில் எது நடக்கும் என்பதைத் தலைவர்களின் சாமர்த்தியத்தைவிட அப்போதைய தேர்தல் முறையே பெரிதும் தீர்மானித்தது.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்ததும் ஹட்டன் தொகுதி பெரி. சுந்தரத்தை அரசாங்க சபைக்கு அனுப்பியது. அவர் தொழில் அமைச்சரானார். 1936இல் அதே தொகுதி கோ. நடேசய்யரை அனுப்பியது. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஆறு இடங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் முதலானோர் தெரிவானார்கள். தொழிலாளர் அடர்ந்து வாழும் தொகுதிகளில் தனித்து நின்றாலே போதுமாயிருந்தது. வேறு பல தொகுதிகளில் அவர்களின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணை செய்தது. அதுவே அவர்களுக்கு ஆபத்தையும் கொண்டுவந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை வாக்காளர் என்ற நிலையிலிருந்து தள்ளிவிட்டன. 1952இல் பாராளுமன்றத்தில் அவர்களின் குரல் இல்லை.

"1948 நிகழாதிருந்தால்" என்ற பெருங்கேள்வியை எழுப்பாத மலையக எழுத்தாளர் குறைவு. அந்த வேதனை நியாயமானது. ஆனால் அடுத்த முப்பது ஆண்டில் கூட்டு எப்படி அமைந்தது என்பதைச் சிறிய கேள்விகளே விளக்கும். சோல்பரி யாப்பில் ஆறு நியமன உறுப்பினர்கள் இருந்தார்கள். 1960இல் சுதந்திரக் கட்சி ஆட்சியில் தொண்டமான் நியமிக்கப்பட்டார், 1965இல் ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) ஆட்சியிலும் அவரே. 1970இல் சுதந்திரக் கட்சி மீண்டும் வந்தபோது அவருடைய பழைய தோழரும் பின்னாளைய எதிராளியுமான அப்துல் அஸீஸ் நியமனமானார். தோட்டத் தொழிலாளியின் கைக்கு வாக்குச்சீட்டே வராமல், அவருக்காகப் பேசுபவரைக் கொழும்பு தெரிவு செய்தது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தபோதும் பிரிக்கப்பட்டவர்களைக் கேட்கவில்லை.

1977 தனிக் கவனத்துக்குரியது. 1976ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயம் நுவரெலியா–மஸ்கெலியாவை மூன்று உறுப்பினர் தொகுதியாக்கியது. காமினி திசாநாயக்க முதலிடம், அநுர பண்டாரநாயக்க இரண்டாமிடம், சேவல் சின்னத்தில் தொண்டமான் மூன்றாமிடம். அது மூன்று தனித் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால்? பிரஜாவுரிமை பெற்றோர் சிலரே இருந்த நிலையில் அவர் ஒன்றிலும் வென்றிருப்பது கடினம் என்றே நினைக்கிறேன். அப்படியானால் 1978இல் ஜே.ஆர். அமைச்சரவையில் மலையகத் தமிழர் ஒருவர் அமர்ந்திருக்க மாட்டார்.

ஜே.ஆருடனான அந்தக் கூட்டின் விலையையும் சொல்லியாக வேண்டும். 1976இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவர்களில் ஒருவராக இருந்தவர் தொண்டமான். தனிநாட்டுக் கோரிக்கையை அவர் ஏற்கவில்லை. 1977இன் வன்செயலில் தோட்டங்கள் தாக்கப்பட்டுப் பலர் வவுனியாப் பக்கம் ஓடினார்கள். 1983இல் அவர் அமைச்சராயிருக்கும்போதே மீண்டும் அடி விழுந்தது. அமைச்சர் நாற்காலியால் லயத்து மக்களைக் காக்க முடியவில்லை. ஆனாலும் 1986 ஜனவரியில் அமைச்சரவையில் இருந்தபடியே தோட்டங்களில் வேலைநிறுத்தமாகவே அமைந்த பிரார்த்தனை இயக்கம் நடத்தி, நாடற்றவருக்கான சட்டத்தைப் பெற்றார். 1988இல் இன்னொரு சட்டமும் வந்தது; அந்த டிசம்பரில் பிரேமதாச வெல்ல, தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) துணைநின்றது. அமைச்சரவைக்குள் இருந்துகொண்டே வேலைநிறுத்தத்தை ஆயுதமாக்கிய இந்தக் கூட்டைப் போல் பிறகு ஒன்று அமையவில்லை என்பது என் கணிப்பு.

1989இல் விகிதாசாரமும் விருப்பு வாக்கும் வந்தன. மாவட்டத்துக்கு 8 இடம் என்றால் பட்டியலில் 11 பெயர். வாக்காளர் கட்சிக்கு ஒன்று போட்டு, அதற்குள் மூன்று பேர் வரை விரும்பலாம். முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம் உண்டு. பெரிய பட்டியலில் ஏறத் தூண்டுவது அதுவும்தான். பக்கத்துப் பெயர் எதிரியாகலாம், துணையும் ஆகலாம். 2015இல் நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் முற்போக்குக் கூட்டணி யானைச் சின்னத்தில் திகாம்பரம், இராதாகிருஷ்ணன், திலகராஜ் என மூவரை நிறுத்தியது, மூவரும் வென்றார்கள். மூன்று விருப்பு வாக்குக்கு மூன்று பெயர் என்பதே அதன் கணக்கு. எதிர்ப்புறம் வெற்றிலையில் ஆறுமுகன் தொண்டமானும் முத்து சிவலிங்கமும் வந்தார்கள். ஒரே மாவட்டத்தில் ஐந்து தமிழர் தெரிவானது, இரு அணிகளும் எதிரெதிர்ப் பட்டியல்களில் நின்றதால்தான்.

1994 இதற்கு மாறானது. பெ. சந்திரசேகரன் எந்தப் பெரிய பட்டியலிலும் ஏறாமல் நுவரெலியாவில் சுயேச்சைக் குழுவில் வென்றார். பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. அவரது ஒன்று சேர்ந்ததும் 113. சந்திரிகாவின் அரசு அந்த ஓர் ஆசனத்தால் அமைந்தது. முன்கூட்டியே பட்டியலில் ஏறியிருந்தால் அவருக்கு அந்தப் பேரம் வாய்த்திருக்காது.

2024 செப்டம்பரில் இ.தொ.கா. ரணிலோடும், முற்போக்குக் கூட்டணி சஜித்தோடும் நின்றன. நுவரெலியா மாவட்டத்தில் சஜித் முந்தினார், நாட்டை அநுர குமார வென்றார். நவம்பரில் அதே மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்திக்கு 5 ஆசனம். அவர்களோடு தெரிவான கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் மலையகத்திலிருந்து பாராளுமன்றம் சென்ற முதல் தமிழ்ப் பெண்கள். கொழுந்து பறிப்போரில் பெரும்பான்மை பெண்களாக இருந்தும், தொழிற்சங்கக் கட்சிகள் இத்தனை தேர்தல்களில் செய்யாததை ஒரு தேசியக் கட்சியின் பட்டியல் செய்தது. வேட்புமனுவுக்கு முன் யார் யாரோடு பேசினார்கள், எந்தத் தோட்டத்தின் பெயர் ஏன் விடுபட்டது என்பதை, பேசியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். நுவரெலியாவுக்கு வெளியே இரத்தினபுரி, கேகாலை, மாத்தளைத் தோட்டங்களில் சிதறி வாழ்வோரின் பட்டியல் கதையும் அந்தப் பேச்சுகளுக்குள்தான் கிடக்கிறது.